என் பூட்டன் பெரிய கங்காணி

இருபத்திரண்டு வருஷம் பொறுத்தேன். இந்தத் தீபாவளிக்காவது கம்பளைக்குப் போவதில்லை என்று முடிவு கட்டினேன். கம்பளையில் இருப்பது மைத்துனர் வீடு. என் மனைவி வீரம்மாவின் பூட்டன் கங்காணியாம். இந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வந்து தேயிலைத் தோட்டத்தில் இறக்கியவராம். ஆகவே நல்ல நாள், பெரிய நாள் எல்லாம் அவள் பக்கம். "உங்காளுங்க கூட்டத்தோட வந்தவங்கதானே" என்பாள். பிலிமத்தலாவையில் எனக்கும் ஒரு தங்கை இருப்பது எனக்கே மறந்துவிடும் போலிருந்தது.

பளீல் நானாவின் இன்டர்நெட் கடையில் ஆறு ஞாயிறு தவம் கிடந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பேரன் பழைய தோட்டத்துப் பெயர்ப் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தான். ஏழாவது ஞாயிறு என் பூட்டன் அகப்பட்டார். மேலே 'கறுப்பையா, பெரிய கங்காணி'. கீழே, அவர் திருச்சிப் பக்கமிருந்து கூட்டி வந்த நாற்பத்தொரு பேர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பக் குண்டசாலை பஸ் ஏறினேன்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தமிழன் ஒருவன் பை நிறையத் தமிழ்ப் பெயர்களோடு சோதனைச் சாவடியைக் கடக்கிற காலமா அது? பூட்டனைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துபோனேன்.

சாவடியில் பஸ்ஸை நிறுத்தி என் பையைச் சோதித்த பொலிஸ்காரர் தாளை விரித்தார். நாற்பத்தொரு பேருக்கும் தலைவன் யார் என்று சிங்களத்தில் கேட்டார். கறுப்பையா, என் பூட்டன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இப்போது எங்கே என்றார். செத்து எழுபது வருஷம் என்றேன். ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷன் வாங்கில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். உண்மையாகவே பயந்துவிட்டேன். அந்த நாட்களில் அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பவில்லை.

தகவல் போய் வீரம்மா வந்தாள். பொறுப்பதிகாரியிடம் நல்ல சிங்களத்தில் பேசினாள். இவர் பெருமை பீற்றிக்கொள்ளத் தேடியெடுத்த தாள் இது, இவர் குடும்பத்தில் தலைவர் என்று ஒருவரும் இருந்ததில்லை, வீட்டிலும் இல்லை என்றாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடனே நம்பிவிட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

வாக்குமூலம் எழுதினார்கள். கறுப்பையா கங்காணிக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. என் பரம்பரையில் தலைவர் எவரும் இருந்ததில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.

"போடுங்க கையெழுத்த. வீட்டுக்குப் போவோம்" என்றாள் வீரம்மா. என் சட்டை முனையை இறுகப் பிடித்திருந்தாள். போட்டேன்.

இன்னொரு சாவடியில் பிடித்தால் காட்டு என்று முத்திரை குத்திப் பிரதி ஒன்றும் தந்தார்கள். அதை வீரம்மா வாங்கிக் கைப்பையில் வைத்தாள்.

பஸ்ஸில் மெல்லச் சொன்னேன். "நெசமாவே அவரு எங்க பூட்டன்தான் புள்ள."

"சத்தமா பேசாதீங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கீங்க."

தீபாவளிக்குப் புறப்படும்போது அலுமாரியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டாள். வழியில் கேட்பார்களாம். மூன்று சாவடி கடந்தோம், ஒருவரும் கேட்கவில்லை. கம்பளையில் மைத்துனர்தான் கேட்டு வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார்.