தண்டை போட்ட மாப்பிள்ளை

எனக்குக் கர்வம் ஜாஸ்தி. அதை மறைத்துப் பணிவாக எழுத ஆரம்பித்தால் என் மனைவி தனக்கோடி இந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடுவாள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் லம்பாடிப் பெண்களின் பழைய வெள்ளி நகைகளைச் சேர்த்துத் துலக்கிப் பத்திரமாக வைத்திருக்கும் ஆள் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.)

வெள்ளைக்காரன் காலத்தில், கல்யாணத்துக்கு முன்னால், நான் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் மற்றவர்கள் பாலாற்று மணலில் காற்று வாங்கப் போவார்கள். நான் கடைத்தெரு வெள்ளிக்கடை வாசலில் போய் நிற்பேன். சந்தைக்கு வரும் லம்பாடிகள் கெட்டியான பழைய நகையைக் கொடுத்துவிட்டு, மெல்லிசான புது மோஸ்தர் கொலுசு வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் பழசை உருக்கப் போவார். நான் குறுக்கே விழுந்து வாங்கிவிடுவேன். மண்டியில் எனக்கு ‘வெள்ளிப் பைத்தியம்’ என்று பெயர். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

துலக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, பூந்திக்கொட்டை நுரையில் அலசி, விபூதியால் தேய்ப்பேன். குழியில் படிந்த கறுப்பைத் தொடவே மாட்டேன். மேடு பளபளக்க வேண்டும், பள்ளம் கறுத்தே இருக்க வேண்டும். அப்போதுதான் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும். வளையமான நகையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்ப்பது சிரமம் என்பதால், அதைக் காலில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தேய்க்கும் முறையையும் நானே கண்டுபிடித்தேன். உலகத்துக்கு நான் கொடுத்த கொடை அது. அதுதான் என் மானத்தை வாங்கியது.

வாலாஜாபேட்டைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டிய நாள். அதற்கு முந்தைய சந்தையில்தான் என் வாழ்நாளின் சிறந்த தண்டை கிடைத்திருந்தது. கனமான தண்டை. உள்ளே பரல்கள். ஒரு பக்கம் கீல், மறு பக்கம் திருகாணி. ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று காலையில் அதைக் கணுக்காலில் மாட்டித் திருகி உட்கார்ந்தேன். திருகாணி இடுக்கில் அழுக்கு இருந்தது. விபூதி எடுபடவில்லை. செங்கல் பொடியைப் புளியோடு குழைத்து உள்ளே திணித்துத் தேய்த்தேன். அழுக்கு போனது. திருகாணி இறுகிக்கொண்டது. இப்படித் திருகினேன், அப்படித் திருகினேன். பல்லால் கடிக்கலாம் என்று பார்த்தால் என் வாய் என் கணுக்காலுக்கு எட்டவில்லை.

அம்மா வந்து பார்த்தாள்.

“இன்னாடா இது கோலம்? பொண்ணு பாக்கப் போறியா, கூத்தாடப் போறியா?”

கூட வரவிருந்த மாமா குனிந்து பார்த்தார். “பட்டறையில ஒரு அரம் வாங்கியாந்தா ராவி எடுத்துடலாம். ரயில் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“மாமா, என் கால வேணா ராவுங்க. இதத் தொடாதீங்க!” என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஒரு பழைய துணியைக் கிழித்துத் தண்டையைச் சுற்றிக் கட்டினாள். கேட்டால் சுளுக்கு என்று சொல்வதாக முடிவாயிற்று. வேட்டியை நன்றாகத் தழைத்து, கோட்டு, தலைப்பாகை சகிதம் அம்மா, மாமாவோடு கிளம்பினேன். துணிக்குள் இருந்தும் பரல் சும்மா இருக்கவில்லை. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஜட்காவில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்காரர் இறங்கிப்போய்க் குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“நான் இதுக்கு சலங்கையே கட்லியே! சத்தம் எங்கேந்து வருது?” என்றார். மாமா வெளியே வேடிக்கை பார்த்தார்.

பெண்ணின் அப்பா ஆவாரம்பட்டை வியாபாரி. எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் இடங்களுக்கெல்லாம் பட்டை அனுப்புகிறவர். ஆஜானுபாகு, மீசைக்காரர். பாயில் உட்கார்ந்ததும் நான் காலை மடக்கிப் புதைத்துக்கொண்டு சிலையாகிவிட்டேன். பஜ்ஜி வந்தது. பெண் வந்தாள். தனக்கோடி நமஸ்கரித்து நிமிர்ந்தபோது எனக்கு இவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து மாமியார் தோரணை வந்தது. “கொஞ்சம் நடந்து காட்டும்மா” என்றாள். நொண்டியில்லையே என்று பார்க்கிற அந்தக் காலத்து வழக்கம். தனக்கோடி நடந்தாள். அவளைச் சரியாகப் பார்க்க நான் லேசாக நகர்ந்தேன். ‘சலக்’ என்றது. எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் நின்றாள். நான் பதறிக் காலை இழுத்தேன். மறுபடி ‘சலக்’.

“என் கால்ல ஒண்ணும் இல்ல” என்றாள் தனக்கோடி.

அவளுடைய அத்தை கதவோரம் நின்றிருந்தார். கெட்டிக்காரப் பெண்மணி. “எங்க பொண்ணு நடந்துட்டா. மாப்பிள்ளையும் கொஞ்சம் நடந்து காட்டட்டுமே” என்றார்.

“அவனுக்கு சுளுக்கு!” என்று அம்மாவும் மாமாவும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். நாலடி வைப்பதற்குள் துணி அவிழ்ந்து பாம்புச் சட்டை மாதிரி பின்னால் இழுபட்டது. கூடத்தின் நடுவில், கோட்டும் தலைப்பாகையுமாக, ஒரு காலில் மட்டும் லம்பாடித் தண்டையோடு நின்றேன்.

அந்த நிமிஷத்தில் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ ஜன்னல் வெளிச்சத்தில் தண்டை மின்னுவதைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். ஓரத்திலிருந்த முக்காலியில் காலைத் தூக்கி வைத்து விளக்க ஆரம்பித்தேன். “இந்த முறுக்கு வேலையப் பாருங்க. இதக் கறுப்பு போகாமத் துலக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல…” வருங்கால மாமனாரின் மூக்குக்கு நேராகப் பாதம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அவர் முகம் கறுத்தது. “ஆம்பள கால்ல தண்டை! எவன்னா பாத்தா ஊர்ல இன்னா பேசுவான்? யாருப்பா அங்க, அரம் கொண்டா! இத அறுத்துப் போட்டாத்தான் தட்டு மாத்துவோம். இல்லாட்டி வந்த வழியப் பாத்துக்கினு போகச் சொல்லு.”

அரம் வந்தது. அம்மா அழ ஆரம்பித்தாள். நான் தனக்கோடியைப் பார்த்தேன், தண்டையைப் பார்த்தேன். இரண்டில் ஒன்று போகப்போகிறது என்று தெரிந்தது.

“அறுக்க விடமாட்டேன்” என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்தது. ஆனாலும் சொன்னேன். “அறுத்துட்டா இந்த மாதிரி இன்னொண்ணு வராதுங்க. மன்னிச்சிடுங்க, நாங்க கெளம்பறோம்.” சலக் சலக் என்று வாசலை நோக்கி நடந்தேன். அதைவிட நீளமான கூடத்தை இன்றுவரை நான் கடந்ததில்லை.

“அப்பா, அரத்த உள்ள வைக்கச் சொல்லு” என்று குரல் வந்தது. தனக்கோடி. “ஒரு தண்டைய விட மாட்டேன்னு இவ்ளோ பேரு நடுவுல நிக்கறாரு. கட்டிக்கினவள மட்டும் லேசுல விட்டுடுவாரா?”

அத்தைதான் முதலில் சிரித்தார். அப்புறம் மாமா. மீசைக்காரர் வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, “உள்ள போய் விளக்கெண்ணெ எடுத்தாங்க” என்றார். எண்ணெயை ஊற்றி ஊறவைத்தார்கள். திருகாணி அசைய மறுத்தது. நல்ல நேரம் போய்விடும் என்று, எண்ணெய் சொட்டும் காலோடு என்னை உட்காரவைத்தே தட்டு மாற்றினார்கள். ஆம்பூர் திரும்பிய பிறகுதான் தண்டை கழன்றது. ஒரு கீறல் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்க வருகிற எந்த மாப்பிள்ளையும் நடந்து காட்டாமல் தப்ப முடியாது. போன தை மாதம் என் பேத்தியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். பெரிய உத்தியோகம். சொன்னதும் எழுந்து பூனை மாதிரி நடந்து காட்டிவிட்டு உட்கார்ந்தான். எல்லோருக்கும் திருப்தி. தனக்கோடி மட்டும் தாடையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“பையன் நல்லாத்தான் நடக்கறான். ஆனா ஒரு சத்தமும் வரலியே… எதுக்கும் நல்லா விசாரிச்சிட்டுச் செய்ங்க” என்றாள்.