என் விரலை நானே கடித்துக்கொண்ட கதை

கிராம்பு வாசம் வந்தால் என் வலது கைக் கட்டைவிரல் தானாகவே சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. ஈப்போவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் பாய் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் நெய்ச்சோறு. சூடான நெய்யில் கிராம்பு வெடிக்கும் அந்த ஒரு நொடியில் என் நரையெல்லாம் உதிர்ந்து எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும். கடைவாயில் ஒரு பல் முணுமுணுக்கும். எதிரே ஒருவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்ப்பான்.

பேச்சுக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. தன் வாயை எப்போது மூடுவது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தச் சாபத்தோடு நான் போய்ச் சேர்ந்த இடம், ஊரார் வாயைத் திறக்கவைக்கும் தொழில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. கிந்தா ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் லியோங் என்ற சீனர் பல் பிடுங்கியும் பல் கட்டியும் ஜீவித்துவந்தார். அவரை நான் தவுக்கே என்பேன், அதாவது முதலாளி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவரும் கடைத்தெரு மலாயை வைத்துக் குடித்தனம் நடத்தினோம். தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பது, குறடுகளைக் கொதிக்கவைப்பது, பல்லில் துளைபோடும் இயந்திரத்தைக் காலால் மிதிப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். தையல்காரர் மிதித்தால் சட்டை வரும். நான் மிதித்தால் அலறல் வரும்.

(எனக்கே அப்போது ஒரு கடைவாய்ப் பல் சொத்தை. தவுக்கேயிடம் சொல்லப் பயம். கன்னத்தில் எந்நேரமும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, “வாய் மணக்க வேண்டுமல்லவா?” என்று திரிந்தேன்.)

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. தோட்டத்து ஜனங்களின் பல்லைப் பார்க்க வேண்டும், பல்லைப் பேணுவது எப்படி என்று நாலு வார்த்தை சொல்லவும் வேண்டுமாம். தவுக்கே மதிய ரயிலில் வருவதாகச் சொல்லி, கருவிப் பெட்டியோடு என்னைக் காலை ரயிலிலேயே அனுப்பினார். நாலு வார்த்தை என்றால் என்னிடமா கேட்க வேண்டும்! ராத்திரி பகலாக ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். கம்பீரத்துக்காகத் தவுக்கேயின் வெள்ளைக் கோட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் நெட்டை. கோட்டுக்குள் நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வாளிகளோடு வந்த ஜனங்களைப் பெரட்டுக் களத்தில் உட்காரவைத்தார்கள். பெரட்டு என்பது விடியற்காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. மலேரியாக் காலமாதலால் அந்த வரிசையிலேயே தோட்டத்து டிரஸ்ஸர் ஐயா வெள்ளைக் கோட்டோடு வந்து ஒவ்வொரு வாயிலும் கொய்னா மருந்தை ஊற்றுவார். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர், டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். கசப்பைத் துப்பிவிடுகிறவர்கள் உண்டென்பதால் கன்னத்துக்குள் விரல் விட்டும் பார்ப்பார். “தொற. முழுங்கு. மூடு. போ.” இந்த நாலே சொல்லில் ஒரு தோட்டத்தையே காய்ச்சலிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்த மனிதர்.

நான் நாலாயிரம் சொல்லோடு எழுந்தேன்.

“பெருமக்களே! முத்துக்கள் கடலில் விளைகின்றன என்பார்கள். இல்லை! அவை உங்கள் இதழ்களுக்குள் விளைகின்றன!”

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் வாயிலிருந்து வெற்றிலைச் சாற்றைப் பக்கவாட்டில் துப்பிவிட்டு, “எனக்கு வெளைஞ்சதெல்லாம் அறுவடை ஆயிப்போச்சு தம்பி, மேல சொல்லு” என்றார்.

களம் குலுங்கியது. நான் மேலே சொல்லவில்லை. கரித்தூளும் உப்பும் வைத்து ராத்திரியும் ஒரு தரம் துலக்குங்கள் என்று ஒரே வாக்கியத்தில் முத்துக்குளிப்பை முடித்துவிட்டு, பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக வரச் சொன்னேன்.

வரிசையின் கடைசியில் ராக்கம்மா அக்கா நின்றார், பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். கையில் அவர் தம்பி சின்னானைப் பிடித்திருந்தார். சின்னானுக்கு என்னைவிட வயது கூட, மனசு மட்டும் நாலு வயதிலேயே நின்றுவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். ஆனால் தோட்டத்துக்கு அவன் எவ்வளவு வேண்டியவன் என்பது ஆயாக் கொட்டகைக்குப் போனால் தெரியும். தாய்மார்கள் ரப்பர்க் காட்டுக்குப் போனபின் தூளிகளை ஆட்டுபவன் அவன்தான். அவன் ஆட்டினால்தான் பிள்ளைகள் தூங்கும். இப்போது கன்னம் பப்பாளிப்பழம்போல் வீங்கி, சோறு இறங்காமல், தூளிப் பக்கமே போகாமல் கிடந்தான். பிள்ளைகளின் அழுகை களம்வரை கேட்டது.

அக்கா என் காதருகில் வந்தார். “தம்பி, பாத்து செய்ங்க. கொய்னா குடுக்கறப்ப ரெண்டு பேரைக் கடிச்சுட்டான். இன்னொரு தரம் யாரையாச்சும் கடிச்சா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும்னு தொரை சொல்லிட்டாரு. அங்க போனா இவன் சோறு திங்க மாட்டான். செத்துடுவான்.”

“கவலையை விடுங்கள் அக்கா. அன்பான ஒரு சொல்லுக்கு அடங்காத உயிர் இல்லை.”

(இதைச் சொன்ன வாயைத்தான் தவுக்கே பிற்பாடு கவனித்துக்கொண்டார். அது வருகிறது.)

சின்னான் என் கோட்டைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குள் ஓடி ஒரு மூலையில் ஒடுங்கினான். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். நான் அவன் முன் குந்தி, குரலில் தேன் தடவி, “சின்னான், வாயைத் தொற” என்றேன். அவன் திறக்கவில்லை. ஒரு கையால் முகவாயைப் பிடித்தேன். மறுகைக் கட்டைவிரலைக் கன்னத்துக்குள் மெல்ல விட்டேன்.

வெள்ளைக் கோட்டு. ‘தொற.’ கன்னத்துக்குள் விரல். தினம் விடியலில் அவனுக்கு நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் நானும் செய்துவிட்டேன், கொய்னா ஒன்றுதான் பாக்கி. அவன் கடித்ததில் கோபமே இல்லை. மழை அடிக்கிறதே என்று கதவைச் சாத்துவதுபோல் சாத்தினான். சாத்திய கதவில் என் கட்டைவிரல் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் தூளிப் பிள்ளைகளெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டன.

விரல் வெளியே வந்தபோது அதில் ரத்தம். ராக்கம்மா அக்கா அலறவில்லை. தம்பியின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். “முடிஞ்சிச்சு” என்றார். அவ்வளவு மெதுவாக ஒரு சொல் விழுந்து நான் கேட்டதில்லை. அதற்குள் கொய்னா புட்டியும் கையுமாக வாசலை அடைத்துக்கொண்டு டிரஸ்ஸர் நின்றார். அவருக்குப் பின்னால் தோட்டமே நின்றது.

“யாரு கத்துனது?”

“நான்தான்.”

“ரத்தம் வருது! கடிச்சுட்டானா?”

“இல்லீங்க.”

“பின்ன யாரு கடிச்சா?”

“நான்தான்.”

“யாரை?”

“என்னைத்தான்.”

டிரஸ்ஸர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன் விரலை நீயேவா? எதுக்கு?”

வாழ்நாள் முழுதும் சொற்களை வளர்த்தவன் நான். ஆபத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் ஒன்று வந்தது, அதுவும் தூய தமிழில்: “செய்முறை விளக்கம்.”

பின்னால் ஒரு பெண்குரல் கிளம்பியது. “அடியேய், பல்லு வாத்தியாரு பசி தாங்காம சொந்தக் கையையே தின்னுட்டாருடி!”

“எங்க, எப்படிக் கடிச்சே? காட்டு” என்றார் டிரஸ்ஸர்.

காட்டினேன். வேறு வழி? ரத்தம் சொட்டும் அதே விரலை, அதே காயத்தில், ஒரு தோட்டம் பார்த்திருக்க, என் பற்களாலேயே மறுபடியும் கடித்தேன். கண்ணில் நட்சத்திரம் பறந்தது. ஒற்றைக் காலில் துள்ளினேன். நீளக் கோட்டு தடுக்கித் தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. சின்னான்! அக்காவின் வயிற்றிலிருந்து முகத்தைத் திருப்பி, கைதட்டி, வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். பல நாளாக யாரும் பார்க்க முடியாத அந்த வாய்க்குள் நான் பார்த்தேன். முன்பற்களின் நடுவே ஒரு சந்து, கீழ்க் கடைவாயில் கருத்துப்போன ஒரு பல், அதைச் சுற்றிச் செவசெவவென்று ஈறு. அதை வைத்துக்கொண்டா இவன் இத்தனை நாள் இருந்தான் என்று மனசு கலங்கிவிட்டது.

சிரித்து முடித்ததும் எழுந்து வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தான். கழற்றினேன். தான் போட்டுக்கொண்டான். (அவனுக்கு அளவாக இருந்தது.) பால்டின் வந்த காலிப் பெட்டி ஒன்றின்மேல் என்னை உட்காரவைத்து, டிரஸ்ஸர் கையிலிருந்த கொய்னா புட்டியை அவர் சுதாரிக்குமுன் வாங்கிக்கொண்டான்.

“தொற.”

இடது கையால் என் மூக்கை இறுக்கிப் பிடித்தான். தலை பின்னுக்குச் சாய்ந்தது. வாய் தானே திறந்தது. ஊற்றினான்.

“முழுங்கு.”

முழுங்காமல் மூச்சுவிட முடியாது என்பதை அன்று கற்றேன். அந்தக் கசப்பு நாக்கோடு நிற்பதில்லை, காதுவரை போகிறது. பிறகு அவன் விரல் என் கன்னத்துக்குள் நுழைந்தது, இடம், வலம், ஈறு இடுக்கு என்று ஒழுங்காகத் தேடியது. என் கிராம்பு அகப்பட்டது. அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, தன் வாயில் போட்டுக்கொண்டான். (சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவில் மூன்று பக்கம் வைத்திருந்தேன்.)

“மூடு. போ.”

யாரும் சிரிக்கவில்லை. டிரஸ்ஸர் தணிந்த குரலில், “நான் இப்படியா செய்றேன்?” என்றார்.

“இதைவிட வெரசா செய்வீங்கய்யா” என்றார் ராக்கம்மா அக்கா.

அவனுக்குச் சொல்லத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மதியம் தவுக்கே வந்து சேர்ந்தபோது தன் கோட்டில் ஒரு புது வைத்தியனையும், பால்பெட்டியில் தன் உதவியாளனையும் கண்டார். காரணம் கேட்கவில்லை, தரையில் உட்கார்ந்துகொண்டார். சின்னானிடம் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நீட்டினார். சின்னான் என்னைக் காட்டினான். “லு டூலு” என்றார் தவுக்கே என்னிடம். நீ முந்தி என்று அர்த்தம்.

அன்று முழுக்க நான் முந்தி. கண்ணாடி முதலில் என் வாயில், பிறகு அவன் வாயில். பஞ்சும் அப்படியே. மரத்துப்போகச் செய்யும் ஊசியும் அப்படியே! என் ஈறில் ஊசி இறங்கும்போது சின்னான் என் கையைப் பிடித்துக்கொண்டான். கடிபட்ட கை. அப்புறம் குறடு. சும்மா தொட்டுக் காட்டுவார் என்றுதான் வாயைத் திறந்தேன். தவுக்கே குனிந்து பார்த்தார், இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

“இதுவும் சொத்தை” என்றார் மலாயில்.

‘வேண்டாம்’ என்று நான் சொல்ல ஆரம்பித்தது ‘வே’யிலேயே நின்றுவிட்டது. பல்லைப் பேணுவது பற்றி உபதேசிக்கப் போனவனின் பல் எனாமல் தட்டில் டிங்கென்று விழுந்தது. சின்னான் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். ஓட்டையைக் கண்டு திருப்தியாகி என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தான். பிறகு தானே பெட்டியில் உட்கார்ந்து, தானே திறந்தான். யாரும் அவன் மூக்கைப் பிடிக்கவில்லை. இரண்டாவது டிங் கேட்டபோது ராக்கம்மா அக்கா சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு பல்லையும் சின்னான் கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரைமேல் எறிந்தான். என்னில் ஒரு பகுதி இன்றும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறது.

டிரஸ்ஸர் என் விரலுக்குக் கட்டுப் போட்டார். காயத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “உனக்கு முன்பல்லு நெருக்கமா இருக்கு தம்பி. இந்தத் தடத்துல நடுவுல ஒரு சந்து இருக்கே?”

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். “தொரைகிட்ட என்ன சொல்லுவீங்க?”

“ஈப்போலேருந்து வந்த ஆளுக்கு வாய் எது, கை எதுன்னு தெரியலன்னு சொல்வேன்.” புட்டியைத் திறந்தார். “அயோடின் எரியும். பொறுத்துக்க.”

அதற்கப்புறம் லகாட்டிலிருந்தோ சிலிம் ரிவரிலிருந்தோ, பேச வராத பிள்ளை, தொட்டால் நடுங்கும் பெண், காரணம் சொல்லத் தெரியாமல் அலறும் பெரியவர் என்று யார் வந்தாலும், தவுக்கே குறட்டை எடுக்குமுன் என்னைப் பார்ப்பார். “லு டூலு.” நான் போய் நாற்காலியில் உட்காருவேன். கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்து வாயைத் திறப்பேன். பேசாமல் திறந்திருப்பேன், எவ்வளவு நேரமானாலும். அந்த நாற்காலிதான் எனக்கு வாயை மூடக் கற்றுக்கொடுத்தது, திறந்துவைத்தபடியே.

என் வீட்டுக்கும் இந்தக் கதை வந்து சேர்ந்து, பழமொழியாகிவிட்டது. பையன் பீங்கானை உடைத்து, பெண் வந்து “நான்தாம்மா ஒடச்சேன்” என்றால், என் மனைவி கேட்பாள்: “யாரு, உங்கப்பன் வெரலை அவரே கடிச்சுக்கிட்ட மாதிரியா?” உறவுக்காரர்கள் இன்னமும் விருந்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி இலை போடுகிறார்கள், பக்கத்தில் உட்காருகிறவர்களின் விரலுக்குப் பாதுகாப்பாம். நிஜத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி தானாக ஊகித்ததோடு சரி. இப்போது சொல்லலாம். சின்னானைக் கொண்டுபோக இனி யாராலும் முடியாது. அவன் அந்தத் தோட்டத்திலேயே தூளி ஆட்டி, அவன் ஆட்டிய பிள்ளைகளே பெரியவர்களாகித் தோள்கொடுக்க, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான்.

பல் பிடுங்கிய அன்று சாயங்காலம் ரயிலடிக்கு எங்கள் மாட்டுவண்டி புறப்படும்போது அவன் வண்டியருகே வந்தான். கன்னத்தில் பஞ்சு, உடம்பில் தவுக்கேயின் கோட்டு. அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டான். தவுக்கேயும் இருக்கட்டும் என்று கையை அசைத்துவிட்டார்.

“தொற” என்றான் என்னிடம்.

திறந்தேன். எட்டிப் பார்த்தான்.

“மூடு. போ.”

ராக்கம்மா அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார். “ஏண்டா, கெளம்புறவங்களப் பாத்து வெறுமனே போன்னு சொல்லுவாங்களா?”

சின்னான் யோசித்தான். டிரஸ்ஸரின் நாலு சொல்லில் அப்படியொரு சொல் இல்லை. வண்டி நகர்ந்தது. அவன் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான். பஞ்சை நாக்கால் ஒதுக்கிவிட்டு, எங்கிருந்தோ தேடி எடுத்துச் சொன்னான்:

“போ. வா.”