கில்லூனிகளின் செங்குண்டூசிப் போர்

கோடையென்றும் குளிரென்றும் பேதம் பாராமல் ஷானன் ஆற்றின் இரு கரைகளையும் ஒரே கம்பளியைப்போல நனைத்துவைக்கும் மேகக்கூட்டங்களே, முதற்கண் உங்களை வணங்கினோம். யாம் பாடப் புகுவது, கீழ்க்கரை ட்ரம்லூனின் தனிப்பெருங்காவலன், தீவனமூட்டை ஏந்திய திருத்தோளன், முழங்கால்வரை உயர்ந்த ரப்பர்க் காலணிச் சேவடியான், கில்லூனி குலக்கொழுந்து மாலக்கி என்னும் மாவீரன், ஒரு குண்டூசியின் பொருட்டு மேற்கரை கில்க்ளூனின்மீது படையெடுத்துச் சென்ற பெருங்கதையை. அந்தப் போரில் ஆறாய்ப் பெருகியது தேநீர். மலையாய்ச் சரிந்தது முட்டைச் சாண்ட்விச். வாய்விட்டு அலறியவர் ஒருவரே, அவரும் அபிஷேகம் பெற்ற குருவானவர்.

போரின் மூலம் இதுவாகும். உலகில் கில்லூனி என்ற குலப்பெயர் தாங்கியோர் எங்கெங்கு சிதறிக் கிடப்பினும், அவர்தம் முன்னோர் ஷானனின் இந்த வளைவிலிருந்தே கிளம்பினர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தக் கரையிலிருந்து என்பதில்தான் தலைமுறை தலைமுறையாய்க் குருதி கொதித்தது. மாக் கில்லா லுவான் என்ற பழைய ஐரிஷ் பெயரே தேய்ந்து கில்லூனி ஆயிற்று. கில்லா என்றால் அடியான். அதுவரை இரு கரையும் ஒன்று. லுவான் ஒரு பண்டைப் போர்த்தலைவன், அவன் வாளைச் சுமந்தவர் நாங்கள் என்பது ட்ரம்லூன் பாடம். லுவான் ஒரு புனிதத் துறவி, அவர் மணியைச் சுமந்தவர் நாங்கள் என்பது கில்க்ளூன் பாடம். அந்த ஒலிக்கு ஆட்டுக்குட்டி என்றும் திங்கட்கிழமை என்றும்கூடப் பொருள்கொள்ள இடமுண்டு என்று மொழியறிந்தோர் சிலர் முணுமுணுத்ததுண்டு. திங்கட்கிழமையின் அடியான் என்ற பொருளே இரு கரை கில்லூனிகளின் முகத்துக்கும் அதிகம் பொருந்துகிறது என்பது மாலக்கியின் மனைவி நோரீனின் கருத்து. அவள் பிறப்பால் கெல்லி, அயர்லாந்தில் தடுக்கி விழுந்தால் கண்ணில்படும் குலம்.

இந்நிலையில் கில்க்ளூன் தேவாலயப் பங்கு மண்டபத்தில் உலகக் கில்லூனிகளின் பெருங்கூடல் அறிவிக்கப்பட்டது. மண்டபச் சுவரில் அயர்லாந்தின் வரைபடம் தொங்கும். ஒவ்வொரு கில்லூனிக்கும் ஒரு நீலத்தலைக் குண்டூசி அவரவர் ஊரில் குத்தப்படும். கூடலின் இறுதியில், குலம் தோன்றிய இடம் இதுவென்று ஒரேயொரு செந்தலைக் குண்டூசி நாட்டப்படும். அது நின்ற ஊரில் குலப்பெயர் பொறித்த கருங்கல் எழும். கூடல் நாளான ஞாயிறன்று பூசை முடிந்ததும், மாலக்கி தன் சாம்பல்நிறச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு, தீவனப்பொடி படிந்த பழைய வேன் என்னும் தேரில் ஏறி, பாலத்தைக் கடந்தான்.

"கல்யாணத்துக்குக்கூட நீ இஸ்திரி போட்டதில்ல" என்றாள் அருகில் அமர்ந்திருந்த நோரீன். "ஒரு ஊசிக்கா இவ்வளவும்?"

"அது ஊசி இல்ல நோரீன். வேரு."

"எங்க கெல்லி வேரைக் குத்தணும்னா வரைபடம் பூரா சல்லடையாயிடும். நாங்க யாராவது இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரியறோமா?"

வீரன் தேரை முடுக்கினான். அந்த முகத்துக்குக் காரணம் உண்டு. ட்ரம்லூனில் பள்ளி மூடிக் கிடந்தது. மதுக்கடையின் கதவில் பலகை அறைந்தாயிற்று. மாலக்கியின் மூத்தவன் ஓஷின் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், மகள் சோர்கா பாஸ்டனிலும், இளையவன் கீலன் துபாயிலும் குடியேறிவிட்டனர். ஆயிரம் ஆண்டுப் பெருங்குடிக்குக் கீழ்க்கரையில் எஞ்சிய நீல ஊசி ஒன்றே ஒன்று. அந்த ஊசி தானே என்பதையும், அதைப் பிடுங்கும் நாளில் தன் பங்கு முழுவதும் ஓர் ஓட்டை மட்டுமே மிஞ்சிய வெறுந்தாளாகிவிடும் என்பதையும் அவன் சில இரவுகளாக நினைத்துக்கொண்டிருந்தான். நோரீனிடம் சொல்லவில்லை. அவள் அறிவாள்.

மண்டப வாயிலில் எதிர்ப்படை நின்றது. அதன் முன்னணியில், கறுப்பு மேலங்கிக் கவசத்தாள், இரு பங்குகளின் இறந்தோரையும் பேதமின்றி மண்ணுக்குள் இறக்கிய கையினள், உயிரோடிருப்போரைக் கண்ட மாத்திரத்தில் பெட்டிக்கு அளவெடுத்துவிடும் கண்ணினள், அடக்கச் சேவை இல்லத்தின் தலைவி அசம்ப்டா கில்லூனி, ஒரு தட்டு நிறைய ஸ்கோன் என்னும் குட்டி ரொட்டிகளைக் கேடயமாய் ஏந்தி நின்றிருந்தாள்.

"வாய்யா மாலக்கி. உங்க ஊர் மொத்தமும் வந்தாச்சா, இல்ல இன்னும் யாராவது வரணுமா?"

"நான் வந்தா மொத்தமும் வந்த மாதிரிதான்" என்று நம் வீரன் ஒரு ஸ்கோனை எடுத்து முதல் இரத்தம் கண்டான்.

உள்ளே வரைபடம் விரிந்து தொங்கியது. ஷானனின் மேற்கே கில்க்ளூன், நீலமயிர் சிலிர்த்த முள்ளம்பன்றியைப்போல் ஊசி நெருங்கிக் கிடக்க, கிழக்கே ட்ரம்லூன், மழித்த தலையில் தப்பிய ஒற்றை மயிரென ஒரே ஊசியோடு தனித்து நின்றது. அதைக் கண்ட மாத்திரத்தில் மாலக்கியின் நெஞ்சில் எழுந்த கொந்தளிப்புக்கு அட்லாண்டிக்கின் குளிர்காலப் பேரலையும் ஈடாகாது.

அசம்ப்டா மேடையேறித் தன் அறைகூவலை விடுத்தாள். "எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. பேரு எங்க அடர்த்தியா இருக்கோ, அங்கதான் அது பொறந்திருக்கும். இதுக்கெல்லாம் பல்கலைக்கழகத்துல இருந்து ஆள் வரணுமா?"

"பஸ் கிளம்பிப் போன ஸ்டாப்புல ஆளே இருக்காது அசம்ப்டா" என்று மாலக்கி கூட்டத்தின் நடுவிலிருந்து முழங்கினான். "அதுக்காக அங்க பஸ்ஸே வரலன்னு சொல்லுவியா? எங்க ஊர்ல இருந்து கிளம்பினதாலதான் எங்க ஊரு காலியா இருக்கு."

மண்டபம் இரண்டாய்ப் பிளந்து ஆர்ப்பரித்தது. அதாவது நோரீன் ஒரு பக்கம், ஏனையோர் மறுபக்கம். அவ்வமயம் அமெரிக்காவின் பியூட் என்னும் சுரங்க நகரத்திலிருந்து குலத்தைத் தேடி வந்திருந்த வெண்டல் கில்லூனி என்னும் நெடியவர் தம் தொப்பியைக் கழற்றிப் பணிவுடன் எழுந்து, "எங்க ஊர் கல்லறையில மட்டும் இங்க இருக்கறதவிட மூணு மடங்கு கில்லூனி இருக்காங்க. அடர்த்திதான் கணக்குன்னா அந்தச் செவப்பு ஊசி..." என்று தொடங்க, மாலக்கியும் அசம்ப்டாவும் ஒரே குரலில், "நீங்க உக்காருங்க" என்றனர். அவர் உட்கார்ந்தார். கண நேரம் மட்டுமே நீடித்த அந்த நட்பு உடனே முறிந்தது.

மாலக்கி வரைபடத்தை அணுகினான். யானைப்படையின் அணிவகுப்பில் பொய்க்கால் யானையைத் தேடும் ஒற்றனின் நோக்கோடு, கில்க்ளூன் முள்ளம்பன்றியின்மேல் விரலை ஓட்டினான்.

"இது யாரு, பேக்கரிக்குப் பக்கத்துல?"

"டெனிஸ்" என்றாள் அசம்ப்டா.

"டெனிஸை நீதானே பொதைச்ச. பெட்டிக்குத் தோள் குடுத்தவன் நான்."

"வீடு இருக்கில்ல."

"பேரு வீட்டுக்கா, ஆளுக்கா?" என்று கேட்டவன், டெனிஸைப் பிடுங்கித் தன் உள்ளங்கையில் வைத்தான். அதன்பின் நிகழ்ந்தது போரன்று, அறுவடை. வான்கூவரில் வாழும் சகோதரிகள் வீழ்ந்தனர். சிட்னியில் கூரைவேலை பார்ப்பவன் வீழ்ந்தான். இரண்டாம் கல்யாணத்தில் மர்ஃபி ஆகிவிட்டவள் வீழ்ந்தாள். மதுக்கடை மூலையில் நின்ற ஊசியருகே வீரனின் விரல் தயங்கியது.

"இந்த ரூஃபஸ் யாரு? கேள்விப்பட்டதே இல்லயே."

கூட்டத்தினர் தத்தம் ஸ்கோனை ஆராய்ந்தனர். கடைசியில் கில்க்ளூன் மதுக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "நம்ம நாய்தான். கால்நடை டாக்டர்கிட்ட ரூஃபஸ் கில்லூனின்னுதான் பதிஞ்சிருக்கு."

ட்ரம்லூன் படை, அதாவது நோரீன், சிரித்த சிரிப்பில் தேநீர்க் குவளை கவிழ்ந்து கில்க்ளூன் பெண்டிரின் மடியெங்கும் வெள்ளம் பாய்ந்தது. அந்தக் குழப்பமே தருணமென்று கண்ட அசம்ப்டா, மேசையிலிருந்த சிறுபெட்டியைத் திறந்து, செந்தலைக் குண்டூசியைக் கைக்கொண்டு, இடிமுழக்கமென வரைபடத்தின்மேல் பாய்ந்தாள். மாலக்கி குறுக்கே பாய்ந்தான். வலக்கரத்தை வலக்கரம் பற்ற, மேலங்கி சட்டையில் உரச, சாண்ட்விச் தட்டு சரிந்து முட்டைக்கலவை மேகமெனப் பரவ, இருவரின் பிடியினின்றும் நழுவிய அந்தச் செங்கணை விண்ணில் எழுந்து, விளக்கொளியில் ஒருமுறை மின்னி, மறைந்தது.

கில்லூனி குலம் முழுவதும் முழங்காலிட்டது. பூசையில்கூட அவ்வளவு பேர் ஒருசேர மண்டியிட்டதைத் தாம் கண்டதில்லை என்று பின்னர் பங்குத்தந்தை கோல்மன் கூறுவார். ஆனால் அந்தக் கணத்தில் அவர் கூறியது வேறு. தள்ளுமுள்ளைத் தணிக்க வந்தவர், களைத்துப்போய்ச் சுவரோரத்து மெத்தை நாற்காலியில் தம் திருமேனியை இறக்கினார். இறக்கிய வேகத்திலேயே எழுந்தார். எழுந்தபோது அவர் வாயினின்று புறப்பட்ட சொல் திருவிவிலியத்தில் எங்கும் காணப்படாதது.

அவர் பின்புறத்திலிருந்து செங்கணையைத் தாமே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது இனிமே கோயில் சொத்து. ரெண்டு பேரும் போய் டீ குடிங்க. அப்புறம் பேசலாம்."

போர் நின்றது. ஆயினும் வீரனுக்குத் தேநீர் இறங்கவில்லை. ஒரு கையில் பிடுங்கிய ஊசிகளோடு அவன் மீண்டும் வரைபடத்தின் முன் வந்து நின்றான். எஞ்சிய பகைவரையும் களைந்து முடிக்கும் உறுதியோடு, அடக்கச் சேவை இல்லத்தின்மேல் நின்ற இரண்டு ஊசிகளில் ஒன்றைத் தொட்டான். அருகில் கறுப்பு மேலங்கி வந்து நிற்பதை உணர்ந்தான்.

"அது ரோனன்" என்றாள் அசம்ப்டா. அறைகூவலின் குரல் அல்ல அது.

"உன் பையன் டொரண்டோலதானே இருக்கான்."

"ஆமா." அவள் மேலங்கியில் ஒட்டியிருந்த முட்டைக்கலவையைத் தட்டிவிட்டாள். "போன கிறிஸ்துமஸுக்கும் வரல. அங்க ஏதோ வீடு வாங்கிட்டான். இங்க அவன் ரூமை இன்னும் நான் யாருக்கும் குடுக்கல."

மாலக்கியின் விரல் ஊசித்தலையின்மேல் நின்றது. மலைகளைப் பெயர்க்கத் துணிந்த அந்தக் கை, தீவனமூட்டையை ஒற்றைத் தூக்கில் தோளேற்றும் அந்தக் கை, அந்த ஊசியைப் பிடுங்கவில்லை. சற்றே தளர்ந்திருந்ததை அழுத்தி இறுக்கிவிட்டது. பிறகு அவன் உள்ளங்கையை விரித்து, டெனிஸைப் பேக்கரிக்குப் பக்கத்தில் குத்தினான். வான்கூவர் சகோதரிகளைக் குத்தினான். சிட்னிக் கூரைக்காரனையும் மர்ஃபியானவளையும் அவரவர் ஓட்டையிலேயே குத்தினான். ரூஃபஸிடம் மட்டும் தயங்கினான்.

"வை, வை. அவனாவது ஊர்லயே இருக்கான்" என்றாள் அசம்ப்டா.

ரூஃபஸ் மீண்டான்.

அவள் மேசைக்குப் போய் மூன்று நீல ஊசிகளைக் கொண்டுவந்தாள். "உன் பசங்க பேரு சொல்லு."

"ஓஷின். சோர்கா. கீலன்."

அவள் ஒவ்வொன்றாய் ட்ரம்லூனில் குத்தினாள். ஒற்றை மயிர் நின்ற இடத்தில் சின்னதொரு குடும்பம் நின்றது. மாலக்கி வெகுநேரம் அதையே பார்த்தான். தும்மல் வந்தவனைப்போல மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சின்னவன கொஞ்சம் தள்ளிக் குத்து. ஓஷின் பக்கத்துல வச்சா சண்டை போடுவாங்க."

பின்னர் இருவரும் பங்குத்தந்தையை அணுகி, தலைவணங்கி, செங்கணையை இரந்தனர். அவர் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டே கொடுத்தார். இரு கரைத் தலைவர்களும் ஆளுக்கொரு விரலால் அதன் செந்தலையைப் பற்றி, மேற்கிலும் இல்லாது கிழக்கிலும் இல்லாது, ஷானனின் நீலக்கோட்டின் நட்டநடுவில் அழுத்தி நாட்டினர்.

மண்டபம் அதிரும்படி அசம்ப்டா அறிவித்தாள். "முதல் கில்லூனி படகுல பொறந்தான். எந்தக் கரையில இறங்கறதுன்னு அவங்கம்மாவுக்கு முடிவாகல."

"அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று வெண்டல் பணிவோடு கேட்டார்.

"எங்களைப் பாத்தா தெரியல?" என்றாள் நோரீன். அவள் கெல்லியாயிற்றே என்று ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. வெண்டல் அதைச் சிரத்தையோடு தம் கைபேசியில் பதிந்துகொண்டார். பியூட் நகரத்துக் கில்லூனிகள் இனி அதையே வேதமென ஓதுவர். குலக்கல் பாலத்தின் நடுவில் எழும் என்று தீர்மானம் நிறைவேறியது. கரைக்கொரு மாவட்டம், பாலம் இரண்டுக்கும் பொது என்பதால், அதற்கு எந்த மாவட்டமும் அனுமதி தராது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

இவ்வாறாக, பகைவரின் கோட்டையில் தன் குடியை நாட்டியவன், மூன்று மக்களையும் ஒரே பகலில் மூன்று கண்டங்களினின்றும் தாயகம் மீட்டவன், முட்டைக்கலவை மணக்கும் சாம்பல்நிறச் சட்டை காற்றில் கொடியெனப் படபடக்க, மழைமேகங்கள் முரசறைய, ஷானன் அலைக்கரம் குவித்து வழிவிட, கில்லூனி குலத்தின் ஆயிரம் ஆண்டுப் பெருமையும் தன் தோள்மேல் அமர்ந்திருக்கத் தன் தேரைக் கிழக்கு நோக்கிச் செலுத்தினான் மாவீரன் மாலக்கி.

பெட்ரோல் பங்க் கடையில் தேரை நிறுத்தச்சொல்லி நோரீன் பால் வாங்கினாள்.