நோவா வீட்டு ஆளுங்க

திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு தேடுகிறவன் சாவியைப் பார்ப்பதற்கு முன்னால் ஜலப்பிரளயத்தைப் பார்த்தாக வேண்டும். நோவாக்கா புரோக்கராக இருக்கும்வரை இதிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது.

சொந்தப் பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. ஐம்பத்தைந்து வயது, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, உட்கார்ந்தால் முனகுகிற ஒரு மொபெட். வீடு பிடித்துக் கொடுப்பது தொழில். பைபிளில் எல்லோரும் தாண்டிப் போகிற பக்கங்கள் இருக்கின்றனவே, இன்னான் இன்னானைப் பெற்றான் என்று நீளுகிற பக்கங்கள், அவைதாம் அவருக்கு உயிர். உலகத்தின் ஜாதிகளும் பாஷைகளும் நோவாவின் மூன்று பிள்ளைகளிடமிருந்து எப்படிக் கிளை பிரிந்தன என்பதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த புதிது. பேகம்பூர் பக்கம் ஒரு மாடி வீடு காட்டக் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் மளிகைக் கடைக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“தம்பி என்ன ஆளுங்க?”

சாதியைத்தான் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“நோவா வீட்டு ஆளுங்க.”

“எந்த ஊரு நோவா?”

“கப்பல் கட்டுனாருல்ல, அவரு. அவருக்கு மூணு மகன். சேம், காம், யாப்பேத். காமுக்கு நாலு பேரு. கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். எகிப்துக்காரன் அம்புட்டுப் பேரும் மிஸ்ராயீம் வாரிசு. யாப்பேத்துக்கு யாவான்னு ஒரு மகன், கிரேக்கக்காரவுக எல்லாம்...”

“எங்க சாமி வேறம்மா.”

“சாமி வேறயா இருக்கட்டும் அப்பு. வெள்ளம் ஒண்ணுதான?”

பட்டியலில் சேமின் மகன் அர்பக்சாத் வருவதற்குள் வீட்டுக்காரர், “அடுப்புல பாலு இருக்கு” என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கேள்விக்குப் பதில் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இன்னொருவர், தான் ராஜ பரம்பரை என்றார். “அப்ப நிம்ரோது வழியா இருக்கும். அவருதான் மொத ராஜா. காமுக்குப் பேரன். எனக்கும் தூரத்துச் சொந்தந்தான், வாடகையக் கொறைங்க” என்றார் அக்கா. நாலு தலைமுறையாக அனுபவிக்கிற இடம் என்று மீசையை முறுக்கியவருக்கும் பதில் வைத்திருந்தார். “சேம் வம்சத்துல பேலேகுன்னு ஒருத்தரு, அவரு காலத்துலதான் பூமியவே பிரிச்சாக. அதுக்கு முந்தி எவனுக்கும் பட்டா கெடையாது.”

சர்ச்சில் வேதம் வாசிக்கும் முறை வந்தால் ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தைத்தான் வாசிப்பார். வேறு பகுதி குறித்துக் கொடுத்தாலும் அதைத்தான். பாதிச் சபை தூங்கிவிடுகிறது என்று போதகர் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, “அவுக பாட்டன் பேரக் கேட்டா அவுகளுக்கே தூக்கம் வருதுன்னா நா என்ன செய்ய?” என்றார். அடுத்த மாதத்திலிருந்து வாசிப்போர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கும் அசரவில்லை. வாசிப்பு முடிந்ததும் இருந்த இடத்திலிருந்தே எழுந்து, “ஆமென்” என்று சொல்லிவிட்டு, கூடவே பத்தாம் அதிகாரத்துப் பெயர்கள் நாலையும் சேர்த்துச் சொன்னார்.

இதையெல்லாம் சிரிப்பாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நர்ஸ் வரும்வரை.

கீரனூர்ப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துத் தனியாக வந்திருந்தாள். அக்கா ஏழெட்டு வீடு காட்டினார். போகிற இடமெல்லாம் அதே கேள்வி. அந்தப் பெண்ணுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. “ஏனுங்க, கேட்டாச் சொல்றதுல என்னங்க?” என்று தன் சாதியை உள்ளபடியே சொல்லிவிடுவாள். அக்கா சேமில் ஆரம்பிப்பதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

கடைசி வீட்டு வாசலில் அக்கா வம்சாவளி எதுவும் சொல்லவில்லை. மொபெட்டைத் திருப்பினார். நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், முன்பக்க அறையைத் திறந்து, “இங்கன இரு தாயி” என்றார்.

மறுநாள் காலையிலேயே அவருடைய அண்ணன் வந்துவிட்டார். சித்தையன்கோட்டையில் தென்னந்தோப்பு, சர்ச்சில் மூப்பர் பதவி. அக்கா வீட்டுக்கு எதிரே, அந்த மளிகைக் கடைக்காரர் மாடியில்தான் நான் குடியிருந்தேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

“ஏத்தா, இது நம்ம அப்பன் கட்டுன வீடு. நம்ம ஆளுக என்ன சொல்லுவாக?”

“நம்ம ஆளுகன்னா யாருண்ணே? சேமா, காமா?”

“எங்கிட்டயேவா? நானும் வேதம் படிச்சவன்தான். ஆபிரகாமே மகனுக்குச் சொந்த ஜனத்துலதான பொண்ணு எடுத்தாரு?”

அக்கா இதற்காகவே ஐம்பத்தைந்து வருஷம் காத்திருந்தவர் மாதிரி படியிறங்கி வந்தார்.

“எடுத்தாரு. அதுக்கப்புறம் என்னாச்சுன்னும் சொல்லுங்க. எரிகோக்காரி ராகாப், அவ மகன் போவாஸ். போவாஸ் கட்டுனது மோவாபுக்காரி ரூத்த. ரூத்து பேரன் ஈசாய், ஈசாய் மகன் தாவீது. அந்த வம்சத்துல வந்தவரத்தானண்ணே ஞாயித்துக்கெழம தோறும் முட்டி போட்டுக் கும்பிடுறீக? வேத்து சனமான ராகாபும் ரூத்தும் வாடகைக்கு வீடு கேட்டு வந்திருந்தா நீங்க கேட்டச் சாத்தியிருப்பீக. தாவீது எங்கிட்டு வருவாரு?”

“ஊரு ஒலகத்தையும் பாக்கணும்ல” என்றார் அண்ணன், குரல் இறங்கி.

“ஒலகத்தத்தான பாத்துக்கிட்டிருக்கேன். பத்தாம் அதிகாரத்துல முழுசா இருக்கு. அந்தப் புள்ள இங்கதான் இருக்கும். ஏலாதுன்னா ஒங்க பங்கப் பிரிச்சுக்கங்க.”

அவர் பங்கைப் பிரிக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. நர்ஸ் போய்விடுகிறேன் என்று அழுதாள். “போனா நா தோத்ததாயிரும், பேசாம சாப்புடு” என்று அதட்டி உட்கார வைத்தார்.

அண்ணன் வரவில்லையென்றால் என்ன, அக்கா போனார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஆண்கள் பக்கம் போய் அண்ணனுக்கு அருகில் உட்கார்ந்தார். கோயில் பணியாள் ஓடிவந்து, “அக்கா, இது ஆம்பளைக பக்கம்” என்று கிசுகிசுத்தார்.

“ஆதாமையும் ஏவாளையும் தனித்தனியா ஒக்கார வச்சிருந்தா நீ ஏதுப்பா?”

அண்ணன் நகர்ந்தார். அக்காவும் நகர்ந்தார். பாட்டு முடிவதற்குள் பெஞ்சு முடிந்துவிட்டது. அதற்குமேல் அவருக்கு நகர இடமில்லை. இன்றுவரை அவர் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வேறு பெஞ்சுக்கும் போகவில்லை.

மற்றவர்கள் அந்த வரிசையை ஒதுக்கிவிட்டதால் அக்காவின் மறுபக்கம் காலியாகவே கிடக்கும். நான் கிறிஸ்தவன் இல்லை. இருந்தாலும் ஆபீஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிடுகிறேன்.