வலது கைக்கு வந்த நடுக்கம்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தத் தையல் மெஷினையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த முடிவு. வெளியே வந்து றோசாலியிடம் சொல்வது மட்டும்தான் மிச்சம்.

பதினோரு மாதமாக அது மிச்சமாகவே இருந்தது.

என் பெயர் யேசுரத்தினம். வயது ஐம்பத்தாறு. வீடு ஹாலிஎலயில். பக்கத்து டவுன் பதுளையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை. பழைய தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். பழையது என்றால் எனக்கு முன்னால் பிறந்த கறுப்பு இரும்பு மெஷின்கள். மோட்டார், விளக்கு, காலால் அமுக்குகிற பெடல் எல்லாம் உண்டு. இரும்புக்கு ஒன்றும் ஆகாது. வயருக்குத்தான் வயசாகும். மேலே சுற்றிய துணி நைந்துபோகும். உள்ளே இருக்கிற ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்புறம் மெஷினைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். பழைய வயரைப் பிடுங்கிப் புது வயர் போட்டு, எண்ணெய் விட்டு, ஓட வைத்துக் கொடுப்பது என் தொழில்.

கடையில் நான் செய்வது ஊசி வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்வது ஓசி வேலை. இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்தின் பெயர் றோசாலி.

றோசாலி என் மனைவி. தாராள மனசுக்காரி. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுப்பதுபோல் என் ஞாயிற்றுக்கிழமைகளை ஒடித்து ஒடித்துக் கொடுப்பாள். எனக்கு மிஞ்சுவது காம்பு.

அன்றைக்கும் ஞாயிறுதான். மத்தியானம் சாப்பிட்டு, சாரத்தைத் தளர்த்திக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தேன். வாசலில் த்ரீவீலர் வந்து நிற்கும் சத்தம்.

"என்னாங்க, தூங்கிட்டீங்களா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. எந்திரிச்சு வாங்க. லுணுகலையில இருந்து ஜெயலெட்சுமி மெஷின் வந்திருக்கு."

"எந்த ஜெயலெட்சுமி?"

"என்னோட ஸ்கூல்ல எனக்குக் கீழ் வகுப்புல படிச்சவ. புருஷன் தவறிட்டாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அவ இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஸ்கூல் உடுப்பெல்லாம் அவதான் தைக்கிறா. மெஷினத் தொட்டா கரண்ட் அடிக்குதாம். ரப்பர் செருப்பு போட்டு, பலகை மேல கால வச்சுத்தான் தைக்கிறாளாம்."

"கடைக்குக் கொண்டு வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"கடையில நீங்க வேலையா இருப்பீங்க. வீட்டுல சும்மாதானே இருக்கீங்க?"

இருபத்தெட்டு வருஷமாக இதே கேள்விதான். எழுந்து போனேன். மெஷினை மேசையில் ஏற்றி வைத்திருந்தாள். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று பிளக்கைக்கூடச் சொருகி சுவிட்சைப் போட்டிருந்தாள். நான் தூக்கக் கலக்கத்தில் கையை வைத்தேன்.

வலது கை நடுங்கியது. மூன்று வினாடி நிஜமாக நடுங்கியது. நாலாவது வினாடியில் எனக்கு யோசனை வந்தது. நடுக்கத்தை நிறுத்தாமல் தொடர்ந்தேன்.

"றோசாலி, கை நடுங்குது பாரு."

"கரண்ட் அடிச்சா நடுங்கத்தான் செய்யும்."

"இல்ல. கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். நீ பயப்படுவேன்னு சொல்லல."

றோசாலி முன்னால் நடுங்குவது எனக்குப் புதிதில்லை. கை மட்டும் தனியாக நடுங்குவதுதான் புதிது. அவள் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலி இல்ல. நடுக்கம் மட்டுந்தான்."

"டொக்டர்கிட்ட காட்டுவோமா?"

"ஞாயித்துக்கிழமையில ரெஸ்ட் எடுத்தாப் போதும்னு நெனைக்கிறேன்."

"சரி, ரெஸ்ட் எடுங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை. மறுகேள்வி இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் தூங்கினேன். பதினோரு மாதத்துத் தூக்கம்.

மறுநாள் காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி வந்தது.

"மிச்சம் எங்கே?"

"முழுசா ஊத்துனா மேல சிந்திக்குவீங்க. சூடு."

மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தில் மீன் இல்லை. பூசணிக்காய். இரவும் பூசணிக்காய். முள் எடுக்கக் கை நிதானமாக இருக்க வேண்டுமாம். சவர பிளேடை எடுத்து ஒளித்து வைத்தாள். கழுத்தை அறுத்துக்கொள்வேனாம். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணராஜ் கேரம் விளையாடக் கூப்பிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் ஜன்னலைத் திறந்தாள்.

"அவருக்குக் கை சரியில்ல தம்பி. அவரு அடிச்சா காய் ரோட்டுக்குப் போயிரும்."

மூன்றாம் நாள் கேட்டாள்.

"கடையில எப்பிடிங்க சமாளிக்கிறீங்க?"

"கடையில அவ்வளவா நடுங்கல."

"ஏன்?"

"ஹாலிஎலயில குளிர் கூட."

"பதுளைக்கும் இங்கயும் அஞ்சு கட்டை தூரந்தான். அதுக்குள்ள அவ்வளவு குளிரா?"

"மலைப்பக்கம் அப்பிடித்தான்."

"ஆமாங்க, அப்பிடித்தான்" என்றாள். அன்றைக்கே பழைய ஸ்வெட்டரை வெட்டி, என் வலது கைக்கு மட்டும் ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். பச்சை நிறம். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். பதுளை வரை ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அந்த மெஷின். றோசாலி அதை என் கட்டிலுக்கு நேர் எதிரே வைத்திருந்தாள். சரித்து, அடிப்பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி.

"அத ஏன் இப்பிடிக் கவுத்து வச்சிருக்கே?"

"காத்துப் படட்டும்னு."

வயரெல்லாம் வெளியே தெரிந்தது. மோட்டாருக்குப் போகிற வயரில் ஓரிடத்தில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். எந்தப் படுபாவி இதைச் செய்தான்? கரண்ட் வயருக்கு முழங்கால் காயமா? நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். சுவரிலும் அந்தப் பிளாஸ்டர்தான் தெரிந்தது. முப்பது வருஷம் இதே தொழில் செய்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருப்பது ஓய்வு இல்லை. தண்டனை.

இரண்டாம் ஞாயிறு ஜெயலெட்சுமி லுணுகலையிலிருந்து போன் எடுத்தாள். றோசாலி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு இப்ப எப்பிடி? நான் மாரியம்மனுக்கு வேண்டியிருக்கேன்."

"அப்பிடியேதான் இருக்கு ஜெயா. உடுப்பெல்லாம் என்னா பண்றே?"

"கையால தைக்கிறேன்க்கா. மூத்தவளும் தைக்கிறா. பரவால்ல. அண்ணன் மொத சுகமாகட்டும்."

நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு. றோசாலி மாதா கோயிலுக்குப் புறப்பட்டாள்.

"நானும் பூசைக்கு வரட்டுமா?"

"கை கூப்ப ஏலாதவரு வந்து என்னா செய்யப் போறீங்க? படுத்திருங்க. நான் வர பதினொரு மணியாகும்."

பூசைக்குப் போனால் பாதரின் பூசை. போகாவிட்டால் வீட்டுப் பூசை. எனக்கு எப்படியும் ஒன்று உண்டு என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். அவள் சந்தியைத் திரும்பியிருக்க மாட்டாள். நான் எழுந்துவிட்டேன்.

பிளாஸ்டரை மட்டும் எடுப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். எடுத்தேன். பக்கத்து வயர் கையோடு உதிர்ந்து வந்தது. சரி, அதையும் மாற்றுவோம். விளக்கு வயரும் அதே கதி. பெடலைத் திறந்தால் உள்ளே ஒரு குளவிக் கூடு. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கரிக்கட்டை இரண்டும் தேய்ந்து மொட்டையாக இருந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். எர்த் வயர் இல்லாத மெஷினுக்கு மஞ்சளும் பச்சையுமாக ஒரு எர்த் வயர் போட்டேன். மூன்று முள் பிளக் போட்டேன். எண்ணெய் விட்டு, பெடலை மெல்ல அமுக்கினேன். தேனீ மாதிரி ஒரு சத்தம். இரும்பில் டெஸ்டரை வைத்தேன். வெளிச்சம் இல்லை. கையை வைத்தேன். கரண்ட் இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு அசதியே தெரியவில்லை. அதை றோசாலியிடம் சொல்லிவிடாதீர்கள்.

மெஷினைப் பழையபடி கவிழ்த்து வைத்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பச்சை உறையை மாட்டிக்கொண்டு படுத்தேன். றோசாலி வந்தாள். கூடவே ஜெயலெட்சுமியும் வந்தாள். லுணுகலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். மெஷினை அப்படியே திருப்பிக் கொண்டுபோகப் போகிறாளாம்.

"அண்ணனுக்கு நான் தொந்தரவு குடுக்கல. பலகை மேல கால வச்சே தச்சுக்கிறேன்" என்றாள்.

"கொண்டு போறதுக்கு முந்தி ஒரு தடவ போட்டுப் பாரு ஜெயா" என்றாள் றோசாலி.

ஜெயலெட்சுமி பயந்து பயந்து ஒரு விரலை வைத்தாள். பிறகு ஐந்து விரலையும் வைத்தாள். பெடலை அமுக்கினாள். மெஷின் ஓடியது. அவள் ஓடுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாதாவே, இது நீங்க செஞ்ச புதுமை!" என்றாள் றோசாலி.

"சில நேரம் காத்துப் பட்டா தானா சரியாயிரும்" என்றேன் நான்.

றோசாலி குனிந்து பார்த்தாள்.

"மஞ்சள் பச்சையில புது வயர் மொளச்சிருக்குங்க. மாதா எந்த ஹார்ட்வேர் கடையில வாங்குனாங்க?"

இனி மறைப்பதற்கு இல்லை. "காலையில எந்திரிச்சேன். கை நிதானமா இருந்துச்சு. அதான்..." என்றேன்.

"சுகமாயிருச்சா?"

"ஆயிருச்சுபோல."

"மாதாவுக்குத் தோத்திரம். அப்ப நேர்த்தியத் தீக்கணும்."

"என்ன நேர்த்தி?"

"உங்க கை சுகமானா, நம்ம கோயில் பங்குல உள்ள அத்தன பேரு மெஷினையும் நீங்க ஓசியில சரி பண்ணிக் குடுப்பீங்கன்னு நேர்ந்துக்கிட்டேன்."

"எப்ப?"

"நடுங்குன அன்னிக்கே."

"என்னைக் கேக்காமலா?"

"சுகமில்லாதவரப் போயி எப்பிடிங்க கேக்கிறது?"

நான் அவசரமாக நடுங்கிக் காட்டினேன். "இன்னும் முழுசா சுகமாகல பாரு."

"அது இடது கைங்க."

ஜெயலெட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"ஜெயா, அந்த வயருல பிளாஸ்டர் ஒட்டுனது யாரும்மா?"

"பிளாஸ்டரா? நான் குடுத்தப்போ ஒண்ணும் இல்லையே அண்ணே."

றோசாலி தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனாள். எனக்கு அன்றைக்கு முழுக் கோப்பை.

அடுத்த ஞாயிறு நானும் பூசைக்குப் போனேன். முடிவில் பாதர் என் பெயரைச் சொன்னார். எழுந்து நிற்கச் சொன்னார். மாதாவின் கிருபையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, "வீட்டுல பழைய மெஷின் இருக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். முன் வரிசையில் நாலு கை. நடுவில் பத்துப் பன்னிரண்டு. பாட்டுக்காரர்கள் பக்கம் மொத்தமாக எழும்பியது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். றோசாலி ஒரு கையைத் தூக்கியிருந்தாள். இன்னொரு கையால் என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"இதை எதுக்குத் தூக்குறே?"

"இது ஹல்துமுல்லையில இருக்கிற என் தங்கச்சி மெஷினுக்கு."