வீட்டுக்காரியின் ஒப்புதல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, நான் குடும்பத் தலைவராவது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுக்க வைத்தவன் றமீஸ். சாய்ந்தமருதில் என் வலைக்கடைக்கு அடுத்த கடை அவனுடையது. நான் வலை, தூண்டில், நங்கூரக் கயிறு விற்கிறேன். அவன் தேநீர் விற்கிறான். வாய் இலவசம்.

"இஞ்ச பார் ஷரிபுதீன்," என்று தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "புது டிஜிட்டல் அடையாள அட்டை. இனிப் பழைய அட்டையச் சட்டைப் பைக்குள்ள வெச்சிக்கிட்டுத் திரியத் தேவல்ல. பேர், படம், விலாசம் எல்லாம் இதுக்குள்ள. கீழ என்ன போட்டிரிக்கி? வாசி."

வாசித்தேன். 'குடும்பத் தலைவர்' என்று போட்டிருந்தது.

"நீயா?" என்றேன்.

"நான்தான். அரசாங்கமே சொல்லுது. நீ இன்னும் எடுக்கல்லயா?"

அவன் வீட்டில் அவன் தலைவர் என்றால், என் வீட்டில் நான் சனாதிபதி. அன்று மதியம் கடையை ஒரு மணித்தியாலம் முன்னதாகவே அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீடு என்றால், இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். இருபத்தெட்டு வருசத்துக்கு முன் நானும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து முனவ்வறாவின் வீட்டுக்கு வந்தேன். இந்த விசயத்தை நான் அடிக்கடி மறந்துவிடுவேன். முனவ்வறா ஒருநாளும் மறந்ததில்லை.

முன் அறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். போனில் அட்டைக்கான செயலியைத் திறந்தேன். முதலில் பழைய அட்டையைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தேன். பிறகு என் முகத்தைக் கேட்டது. காட்டினேன்.

"முகம் தென்படவில்லை," என்றது ஒரு பெண் குரல்.

கிட்டே கொண்டுபோனேன்.

"முகம் தென்படவில்லை."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த முனவ்வறா எட்டிப் பார்த்தாள். "ஆரோட மச்சான் கதைக்கிறீங்க?"

"போனோட. எண்ட முகம் தெரியல்லயாம்."

"போனத் தலைகீழாப் பிடிச்சிரிக்கீங்க. அதுக்கு ஒங்கட தொப்புள்தான் தெரியும்."

திருப்பிப் பிடித்தேன். அதற்குப் பிறகு போன் என்னைப் படாத பாடு படுத்தியது. தலையை இடப்பக்கம் திருப்பவும். தலையை வலப்பக்கம் திருப்பவும். கண்ணைச் சிமிட்டவும். சிரிக்கவும். தலைவராக வேண்டும் என்று போனவன், தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் முகத்தை ஏற்றுக்கொண்டு முகவரியைக் கேட்டது. என் பழைய அட்டையில் இருந்தது நிந்தவூரில் உம்மாவின் வீட்டு விலாசம். அந்த வீடு இப்போது என் தங்கச்சியின் சீதன வீடு. அங்கே நான் இல்லை என்பது போனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. 'தற்போது வசிக்கும் முகவரியைத் தரவும்' என்றது. ஆக, ஐம்பத்தைந்து வயதில் எனக்கு முகவரி இல்லை. முகத்தில் வரி மட்டும்தான் மிச்சம்.

இந்த வீட்டு விலாசத்தை எழுதினேன். போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

'இவ்வீட்டின் உரிமையாளர்: முனவ்வறா. அவரது ஒப்புதலுக்கு உங்கள் விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது. ஏழு நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்காவிடின் விண்ணப்பம் இரத்தாகும்.'

குசினிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

முனவ்வறா கையைத் துடைத்துக்கொண்டு தன் போனோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நீ எப்ப புள்ள இந்த அட்டை எடுத்த?"

"போன மாசம். நீங்க வலைக்கு ஓடர் குடுக்க ஒலுவில் துறைமுகத்துக்குப் போனீங்களே, அண்டைக்கு."

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"என்னத்துக்கு? வீடு எண்ட. முகம் எண்ட. ஆருட்ட கேக்கணும்?"

நியாயமான கேள்வி. "சரி, இப்ப எண்டதுக்கு ஓம் எண்டு பொத்தான அமத்து," என்றேன்.

"அமத்துறன். என்ன அவசரம்? ஏழு நாள் இரிக்கே." பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னுக்கு ஒரு விசயம் கதைக்கணும். நம்மட அப்துல் கபூர் மாமா..."

நான் போனை மடியில் வைத்தேன்.

அப்துல் கபூர் மாமா முனவ்வறாவின் தாய்மாமன். ஓய்வுபெற்ற அதிபர். எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர். இன்னும் படிப்பிப்பதை நிறுத்தவில்லை. பெருநாளைக்கு வந்தால் என் கடைப் பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போனதைச் சொல்வார். சாவு விழுந்த மௌத்து வீட்டில் கண்டால், அடக்கும் இடத்தைக் "கபுறடி" என்று சொல்வதா "கபுறடியில்" என்று சொல்வதா என்று விளக்குவார். மாமி மௌத்தான பிறகு கடைசி மகளோடு இருந்தவர், போன மாசம் அவளுக்கு அட்டாளைச்சேனை மாப்பிள்ளையைப் பார்த்து, இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

"புது மாப்பிள்ள இரிக்கிற வீட்டில மாமாவும் இரிக்கிறது சரியில்லயாம். பாவம் மனிசன். நம்மட முன் அறை சும்மாதானே கிடக்கு?"

"சும்மாவா? இது நான் இரிக்கிற அறை!"

"நீங்க இரிக்கிறல்ல மச்சான். படுக்கிறீங்க."

"ஏலா. நான் வாய் துறக்கிற நேரமெல்லாம் அவர் திருத்துவாரு. ஏலவே ஏலா."

"சரி," என்றாள் முனவ்வறா. கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க சொன்னாச் சரி. ஒங்கட விண்ணப்பத்தையும் யோசிச்சுச் சொல்றன்."

புதன் போனது. வியாழன் போனது. வெள்ளியும் போனது. என் போன் 'காத்திருக்கிறது, காத்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. றமீஸ் தினமும் தேநீரோடு ஒரு கேள்வியும் தந்தான். "என்ன தலைவர், அட்டை வந்திட்டா?" முனவ்வறாவிடம் கேட்டால், "இன்னும் நாள் இரிக்கே," என்பாள். மாமாவைப் பற்றி மறந்தும் ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பிடித்த இறால் ஆணம் இரண்டு நாள் ஆக்கினாள். நான் சாப்பிட்டேன். ஆனால் மசியவில்லை. முன் அறை என் கோட்டை.

சனிக்கிழமை எனக்கு ஒரு திட்டம் உதித்தது. ஒப்புதலை அவள் தரவேண்டியதில்லை. அவளின் முகம் தந்தால் போதும்.

அன்று பகல் முனவ்வறா குசினி வாசலில் பலகையில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீன் கழுவின தண்ணீர்ச் சட்டி. இரண்டு கையும் செதில். அவளின் போன் அலுமாரிக்கு மேலே இருந்தது. திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியும். அவள் பிறந்த வருசம். மெல்ல எடுத்தேன். செயலியைத் திறந்தேன். 'உங்கள் ஒப்புதலுக்காக விண்ணப்பம் காத்திருக்கிறது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. என் கண்ணாடி கடையில் இருந்தது. பச்சைப் பொத்தானை அமத்தினேன்.

"உரிமையாளர் கமெராவைப் பார்க்கவும்," என்றது போன்.

குசினி வாசலுக்கு ஓடினேன்.

"முனவ்வறா, இஞ்ச பாரு. ஒரு படம் எடுக்கிறன்."

"மீன் வெட்டக்குள்ளயா?"

"இப்பதான் புள்ள நீ வடிவா இரிக்காய்."

இருபத்தெட்டு வருசத்தில் நான் இப்படிச் சொன்னதே இல்லை. அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். போனுக்கும் அதுதான் தேவைப்பட்டது.

"தலையை இடப்பக்கம் திருப்பவும்."

"அந்தா பூன! மீனத் தூக்கப் போகுது!"

இடப்பக்கம் திரும்பினாள். டிக்.

"தலையை வலப்பக்கம் திருப்பவும்."

"அடுத்த வீட்டு மர்ஷூதா மதிலால எட்டிப் பாக்கிறா!"

முனவ்வறாவின் தலை மின்னல் மாதிரி வலப்பக்கம் போனது.

"மெதுவாகத் திருப்பவும்," என்றது போன்.

"ஒருக்கா மெதுவாப் பாரு. டக்கெண்டு பாத்தா அவ கண்டிருவா."

மெதுவாகப் பார்த்தாள். டிக்.

"கண்ணைச் சிமிட்டவும்."

அவள் முகத்துக்கு முன்னால் ஈயை விரட்டுகிற மாதிரிக் கையை வீசினேன். சிமிட்டினாள். டிக். எனக்கு வேர்த்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"சிரிக்கவும்."

"உண்ட ஆணத்துக்குக் கல்முனையில இரிக்கிற ஒரு ஹோட்டலும் கிட்ட வராது."

சிரிக்கவில்லை.

"உண்ட தம்பியப் போல ஒரு கெட்டிக்காரன் இல்ல."

முகம் இன்னும் இறுகியது. நான் அவனைப் புகழ்ந்தால் அது உண்மையாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

போனில் நேரம் குறைந்துகொண்டே போனது. பத்து. ஒன்பது. எட்டு. முகம் முழுக்க விழட்டும் என்று ஓர் அடி பின்னுக்கு வைத்தேன். காலுக்குக் கீழே செதில். சர்ரென்று வழுக்கி, மீன் கழுவின சட்டிக்குள் கட்டியிருந்த சாரனோடு போய்க் குந்தினேன். போனை மட்டும் கைவிடவில்லை. நங்கூரம் போல நேராகப் பிடித்திருந்தேன்.

முனவ்வறா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது.

டிங். 'ஒப்புதல் வழங்கப்பட்டது.'

மீன் தண்ணீருக்குள் இருந்தபடியே நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். இடுப்புக்குக் கீழே நாறினாலும், இடுப்புக்கு மேலே நான் குடும்பத் தலைவர்.

எழும்பி என் போனைப் பார்த்தேன். 'காத்திருக்கிறது' என்றிருந்தது.

மூடித் திறந்து பார்த்தேன். 'காத்திருக்கிறது.'

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அப்துல் கபூர் மாமா.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஷரிபுதீன். ஒப்புதல் இப்பதான் வந்திச்சு. முனவ்வறா சொன்னது சரிதான். 'மாமா, அவர் மனசார விரும்பினாத்தான் நான் அமத்துவன்' எண்டவள். நீ பெரிய மனசு காட்டியிருக்காய். அல்லாஹ் உனக்குப் பறக்கத் செய்யட்டும்." மாமாவின் குரல் தழுதழுத்தது. அதிபராக இருந்த காலத்தில் நான் கேட்காத குரல்.

அந்தக் குரலுக்கு நான் என்ன சொல்ல? "வாங்க மாமா. இது ஒங்கட வீடு," என்றேன்.

"'உங்கட' எண்டு சொல்லு மகன்," என்றார் மாமா.

போனை வைத்துவிட்டு முனவ்வறாவைப் பார்த்தேன். அவள் அமைதியாகப் பாரை மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"அது மாமாட விண்ணப்பமா?"

"ஓம். இந்த வீட்டு விலாசத்துக்கு அட்டை கேட்டு நேத்துத்தான் அனுப்பினாரு. புதுசா வந்ததுதான் மேல நிக்கும். ஒங்கட கீழ கிடக்கு."

"உனக்குத் தெரிஞ்சிரிந்தும் நீ..."

"நான் ஒண்டும் செய்யல்லயே மச்சான். ஒங்களக் கேக்காம அமத்தக் கூடாதெண்டு சும்மா வெச்சிரிந்தன். நீங்களே அமத்தினீங்க."

"அப்ப மர்ஷூதா எட்டிப் பாக்கிறா எண்டதும் திரும்பினியே!"

"மர்ஷூதா சம்மாந்துறைக்கு மகள்ர வீட்ட போய் மூணு நாள்."

"அப்ப என்னத்துக்குத் திரும்பின?"

"வலப்பக்கம் திரும்பச் சொல்லி போன் சத்தமாத்தானே சொல்லிச்சு? எனக்கும் காது இரிக்கி."

"சிரிச்ச?"

"அது மட்டும் உண்ம," என்றாள். திரும்பவும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்குப் பெரிய தோல்வி.

மாமா ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பெட்டிப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். முன் அறையில் என் கதிரையில் உட்கார்ந்து, சுவர்ப் பூச்சில் ஒரு வெடிப்பும் என் பேச்சில் மூன்று பிழையும் கண்டுபிடித்தார். முனவ்வறா அவருக்குத் தேநீர் வைத்த கையோடு தன் போனை எடுத்து, என் விண்ணப்பத்தையும் அமத்தினாள். ஒரு டிங்கோடு என் அட்டை வந்தது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கினார். வகுப்பில் வாசிக்கிற மாதிரி, எழுத்துக்கு எழுத்து, உரத்து வாசித்தார். பெயர் சரி. படம் சரி. விலாசம் சரி. பிறகு நிறுத்தினார்.

"'உரிமையாளருக்கு உறவுமுறை' எண்ட இடத்தில, 'தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்' எண்டு கிடக்கு. எழுத்துப் பிழை ஒண்டும் இல்ல."

நான் முனவ்வறாவைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க மச்சான்," என்றாள் தேநீரை ஆற்றிக்கொண்டே. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா, நடத்தையப் பாத்துப் புதுப்பிச்சித் தருவன்."