ஏழு மணிச் செய்தியும் நான்கு நிமிட இடைவெளியும்

அன்பும் மதிப்பும் உள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே நானும் வீட்டிலும் பாப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்பது கடிதத்தை முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும், உங்கள் ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நிமிடத்திலிருந்து நம் ஆட்கள் யாரும் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஃபோன் செய்யக் கூடாது. ஒருவரும் கூடாது. நீங்களும் கூடாது. முக்கியமாக நீங்கள்.

ஃபோனில் அரை நிமிடத்தில் சொல்ல வேண்டியதை இரண்டு நாள் தபாலில் அனுப்புகிறானே, இவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் ஃபோனையும் அவள் அம்மாவின் ஃபோனையும் பாப்பா நேற்று ராத்திரி பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். முப்பத்தொரு வயதுப் பெண், அறுபத்தாறு வயது அப்பாவிடமிருந்து ஃபோனைப் பறிமுதல் செய்கிறாள். சனிக்கிழமைதான் திரும்பக் கிடைக்குமாம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் பேசலாம் என்றால் யாருடைய நம்பரும் எனக்கு மனப்பாடமில்லை. இத்தனை வருடத்துக்கு அப்புறமும் ஞாபகத்தில் இருப்பது பஸ் டிப்போ நம்பர் ஒன்றுதான். அங்கே சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். ஆனால் முப்பத்திரண்டு வருடம் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு எதையும் புறப்பட்ட இடத்திலிருந்து சொன்னால்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பா அந்த நிலையத்தில் ஆறு வருடமாக உள்ளறையில் உட்கார்ந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுதுவதை இன்னொரு பெண் கேமரா முன்னால் படிப்பாள். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தப் பாலத்தில் வண்டி விடமாட்டார்கள், மின்சாரம் எத்தனை மணிக்கு நிற்கும், இவைதான் ஏழு மணிச் செய்தி. ஊரே பார்ப்பது. படிக்கிற பெண் பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு ஆறே முக்காலுக்கு வேறு ஆள் இல்லாமல் பாப்பாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு தடங்கல் இல்லாமல் படித்துவிட்டு எழுந்து வந்தாள். பதினோரு வயதில் பள்ளி வேன் கவிழ்ந்ததிலிருந்து அவள் முகம் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். இடது புருவத்திலிருந்து தாடை வரைக்கும் தழும்பு, தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் கன்னத்தில் வேறு நிறம், உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டிருக்கும். நிலையத்து மேனேஜர் யோசித்து யோசித்து, "மூணு வாரம் பாக்கலாம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்ல, சாப்பிடற நேரமாச்சே" என்றாராம். துக்கச் செய்தி படிக்கும்போது சிரிக்கிற மாதிரி தெரியுமோ என்று அவருக்கு வேறு கவலை. "சார், சந்தோஷச் செய்தி படிக்கும்போது பழைய பொண்ணு அழற மாதிரி இருந்துதே, அப்ப யாரும் கேக்கலையே" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவர், மூன்று வாரம் முடிகிற இந்தச் சனிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்பதில் மட்டும் மாறவில்லை. சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி உள்ளறை.

அந்த முதல் வாரம் நான் செய்தியைப் பார்க்கவே இல்லை, அத்தான். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிவி பார்க்கிற என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க இப்படி என்னையே பாத்தா நான் எப்படிங்க செய்தியைக் கவனிக்கறது?" என்று அவள் சத்தம் போட்டதும் வெளியே கிளம்பினேன். கடைவீதியில் டிவி விற்கிற கடை ஒன்று உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு டிவி. ஏழு மணிக்குப் பன்னிரண்டு பாப்பா. ஓரமாக நின்றுகொண்டு, யார் நிற்கிறார்கள், யார் முகத்தைச் சுளிக்கிறார்கள், யார் பக்கத்து ஆளை இடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் ஒரு ஆள் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்று, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னய்யா அப்படிப் பாக்கறே? மனுஷ முகத்தைப் பாத்ததே இல்லையா?" என்று கேட்டே விட்டேன். அவன் பயந்துபோய், "விலை எழுதியிருக்கறது தெரியல சார்" என்றான். நாலாம் நாள் கடைக்காரப் பையன் வெளியே வந்து, "தினமும் வந்து பாக்கறீங்க, ஒண்ணு எடுத்துக்குங்களேன்" என்றான். அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். அப்போதுதான் கீழ் வீட்டுக்காரர் படியில் என்னை நிறுத்தி, "உங்க பொண்ணைப் பாத்தேன். தைரியம்தான்" என்றார். தைரியம் என்று அவர் சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. மகள் வேலைக்குப் போவதற்குத் தைரியம் எதற்கு? இதே ஆள் ஃபோன் செய்து ஏதாவது சொல்லி வைத்தால் என்ன ஆவது? அன்றைக்குத்தான் உங்களைக் கூப்பிட்டுப் புலம்பினேன். "நாம முந்திக்கணும் மாப்ளே. பத்து பேர் திட்டறதுக்குள்ள நாப்பது பேர் பாராட்டணும்" என்றீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. யோசனைதான் உங்களுடையது. கால அட்டவணை போட்டது நான். பத்தொன்பது பேர், ஆளுக்கு இரண்டு மூன்று தடவை, நாள் பிரித்து. ஒரே சமயத்தில் கூப்பிட்டால் லைன் கிடைக்காது என்று நான்கு நிமிட இடைவெளி. ஏழு முப்பத்திரண்டு நீங்கள், ஏழு முப்பத்தாறு அக்கா, ஏழு நாற்பது வாய் ஓயாத நம் ரேடியோ சித்தி. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினேன்: "செய்தி வாசிப்பாளர் முகத்தைப் பற்றி எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, தெளிவாகப் படிக்கிறார்."

இனிமேல்தான் விஷயம். அந்த நிலையத்தில் ஃபோன் எடுக்கிற அம்மாளிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு கோடு போடுவார். மூன்றே மூன்று கட்டம்: செய்தி, ஒலி-ஒளி, தோற்றம். சட்டை நிறம், தலைவாரல், பொட்டு என்று யாராவது பேசினால் போடுவதற்காக என்றைக்கோ வைத்த கட்டம் அந்தத் தோற்றம். பாராட்டுக்கென்று ஒரு கட்டம், திட்டுக்கென்று ஒரு கட்டம் எல்லாம் கிடையாது. எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான் கணக்கு. மொத்த அழைப்பில் பாதிக்கு மேல் தோற்றம் என்றால், ஜனங்கள் செய்தியைக் கவனிக்கவில்லை, ஆளைத்தான் கவனிக்கிறார்கள் என்று மேனேஜர் முடிவு செய்துவிடுவார். இது அந்தப் பிரசவத்துக்குப் போன பெண்ணுக்கும் வைத்த விதிதான், பாப்பாவுக்கென்று புதிதாகச் செய்ததில்லை.

நேற்று ராத்திரி பாப்பா பதிவேட்டின் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மொத்தம் அறுபத்தொன்று. அதில் தோற்றம் நாற்பத்தேழு. "பாத்தியாம்மா, நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு. ஜனங்க இப்படித்தான்" என்றேன். அவள் சீட்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "அந்த நாப்பத்தேழுல நாப்பத்தொண்ணு நம்ம ஆளுங்கப்பா" என்றாள். ஃபோன் எடுக்கிற அம்மாள் கண்டுபிடித்துவிட்டாராம். "ஏம்மா, உன் ரசிகருங்க எல்லாம் கெடிகாரம் பாத்துக் கூப்பிடறாங்களா? நாலு நிமிஷம் ஆனா அடிக்குது" என்று கேட்டிருக்கிறார். நீங்கள், அத்தான், எழுதிக் கொடுத்ததைப் படித்தபோது நான் அடைப்புக்குள் போட்டிருந்த 'இங்கே கொஞ்சம் நிறுத்தவும்' என்பதையும் சேர்த்துப் படித்திருக்கிறீர்கள். அக்கா ஹலோ என்றதுமே அழ ஆரம்பித்து இரண்டு நிமிடம் அழுதிருக்கிறாள். அதுவும் தோற்றம்தான். ரேடியோ சித்தி, வேன் கவிழ்ந்த நாளிலிருந்து ஆறு ஆபரேஷனையும் வரிசையாகச் சொல்லி, மூன்றாவதைச் செய்த டாக்டர் சரியில்லை என்றிருக்கிறாள்.

"அப்ப வெளி ஆளுங்க?" என்று கேட்டேன். ஆறே பேராம். ஒருவர் சாப்பிடும்போது பார்க்க முடியவில்லை, வேறு ஆள் போடுங்கள் என்றார். ஒருவர் பாவம் என்றார். ஒருவர் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். ஒரு அம்மாள் தழும்புக்கு ஒரு தைலம் சொன்னார். இன்னொருவர் பேசத் தொடங்கி வைத்துவிட்டார், வைப்பதற்கு முன் சொன்ன சொல்லைப் பாப்பா எனக்குச் சொல்லவில்லை. ஆறாவது ஒரு பெண், தன் மகனுக்கும் கன்னத்தில் தீக்காயம், அவன் ஏழு மணியானால் நாற்காலியை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறான் என்று சொல்லியிருக்கிறாள். எல்லாம் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி கோடு. மீதிப் பதினாலு பேர் தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றித்தான் பேசினார்களாம். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இருபதுக்கு ஆறு. சுகமாகத் தேறியிருப்பாள்.

"மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடும்மா, அதெல்லாம் என் வேலைன்னு. நான் வேணா வந்து சொல்றேன்" என்றேன். "வந்து என்னன்னு சொல்வீங்க? எங்க பொண்ணு முகத்தை வெளி ஆளுங்க யாரும் அவ்வளவா பெருசு பண்ணல, வீட்ல நாங்கதான் பண்ணினோம்னா?" என்றாள். அவள் விடவில்லை. "ரோட்ல நடந்தா இருபது வருஷமா என் இடது பக்கமே நடக்கறீங்க. கல்யாண போட்டோல என்னை எப்பவும் ஒரே ஓரத்துல நிறுத்தறீங்க. மேக்கப் போடறவர்கூட ரெண்டாம் நாள் விட்டுட்டாருப்பா, வேண்டாம்னதும் சரின்னுட்டார். கேமராமேன் முதல் நாள் வலது பக்கம் திரும்பச் சொன்னார், அப்புறம் நேரா பாக்கச் சொல்லிட்டார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றாள். சொல்லிவிட்டுத்தான் ஃபோனைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஆகையால் அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இன்று செவ்வாய். வியாழக்கிழமை இது உங்களுக்குக் கிடைத்துவிடும். அட்டவணைப்படி இன்றும் நாளையும் நல்ல வேளையாக யாரும் இல்லை; வியாழன் ஐந்து பேர், வெள்ளி ஆறு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் நிறுத்துங்கள். ரேடியோ சித்தியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், ஃபோனில் சொன்னால் ஃபோனை வைத்ததும் அங்கே கூப்பிட்டு, 'என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க' என்று சொல்வாள். கணக்கு ஏற்கெனவே கைமீறிவிட்டது, எனக்குத் தெரியும். நிறுத்தினால் மட்டும் சரியாகிவிடாது. ஆனாலும் இனி ஒரு கோடுகூட நம்மால் விழக் கூடாது. சனிக்கிழமை அவளை உள்ளறைக்கு அனுப்பினால், அனுப்பியது மேனேஜர் இல்லை, நான். இதைத் தாங்கிக்கொண்டு எப்படி அவள் முகத்தில் விழிப்பது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அழ வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, எல்லோரையும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிம்மதி இல்லாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போடக் கிளம்பியவன் ஷேவ் செய்துகொள்ளச் சலூனில் நுழைந்தேன். உறை இன்னும் ஒட்டவில்லை, சலூன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏழு மணிக்கு டிவியைப் போட்டார்கள். நாற்காலியில் மூன்று பேர், பெஞ்சில் நாங்கள் நாலு பேர், யாருக்கும் நான் இன்னாரென்று தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் பார்த்துவிட்டு, "ஆக்சிடென்ட் போலருக்கு" என்றார். "இருக்கும். தாடையைத் தூக்குங்க" என்றார் சலூன்காரர். அவ்வளவுதான், அத்தான். அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கத்தினார்: "என்னய்யா இந்தப் பொண்ணு இந்த ஓட்டம் ஓடுது! தண்ணி எந்தெந்தத் தெருவுக்கு வராதுன்னு சொல்லிச்சு, நம்ம தெரு அதுல இருக்கா இல்லையான்னு புரியறதுக்குள்ள பாலத்துக்குப் போயிடுச்சு!" பாதி ஷேவில் இருந்தவரும் எழுந்து உட்கார்ந்து, "தெருப் பேரைப் பாதி முழுங்கிடறாங்க, தினமும் இதே ரோதனை" என்றார். பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டு என் மகளை ஏழு பேர் நடுவில் கிழி கிழி என்று கிழித்தார்கள். நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். "ஃபோன் பண்ணிச் சொல்லுங்களேன், திரையில நம்பர் ஓடுதே" என்றேன். சலூன்காரர் உடனே ஃபோனைப் போட்டுத் திட்டிவிட்டார். செய்திக் கட்டத்தில் ஒரு கோடு, பதினாலு பதினைந்தாகிவிட்டது. இன்னும் முப்பத்திரண்டு விழுந்தால் இதுவும் நாற்பத்தேழு, பாதிக்குப் பாதி, தப்பித்துவிடுவாள். நாம் பத்தொன்பது பேர் இருக்கிறோம், ஆளுக்கு இரண்டு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எல்லோரும் கூப்பிடுங்கள். நான்கு நிமிடக் கணக்கு வேண்டாம், இஷ்டப்பட்ட நேரத்தில் கூப்பிடுங்கள். உங்கள் குரல் அங்கே தெரிந்துவிட்டது, நீங்கள் ஜலதோஷம் பிடித்த மாதிரிப் பேசுங்கள். பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவள் வேகமாகத்தான் படிக்கிறாள், சின்ன வயதிலேயே நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதைச் சொல்லித் திட்டுங்கள். நன்றாகத் திட்டுங்கள். அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பாசத்தில் வாய் தவறிக்கூட அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடக் கூடாது.